கேட்கத் தெரியாதவருக்கும் அந்த உரிமை உண்டு

வெளிநாட்டுச் சிறைகளில் 10,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருப்பதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அடைபட்டிருக்கிறார்கள். கொத்தனாராக, ஓட்டுநராக, வீட்டு வேலைக்காரராகத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் குற்றம் செய்தார்களா இல்லையா என்பதை அந்தந்த நாட்டு நீதிமன்றங்கள் முடிவுசெய்யட்டும். ஆனால், கைதானால் முதல் நாளில் என்ன நடக்கும், யாரைக் கேட்க வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்ற அடிப்படை விவரம்கூடத் தெரியாமல் அவர்களை விமானம் ஏற்றிவிட்டது நம் அரசுகளின் பிழை. அதைத் திருத்தும் கடமையும் நம் அரசுகளுக்கே உண்டு.

வளைகுடாவில் சிறைக்குப் போக ஒருவர் கெட்டவராக இருந்தாக வேண்டியதில்லை. நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அமீரகத்திலும் சவூதியிலும் தடைசெய்யப்பட்ட பொருள். இங்கே மருத்துவர் எழுதித்தரும் சில வலி மாத்திரைகளை முன் அனுமதியில்லாமல் அங்கே எடுத்துச்செல்வது குற்றம். ‘அங்கே இருக்கிற தம்பிக்குக் கொடுத்துடுங்க’ என்று தெரிந்தவர் தந்த பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் பெட்டியில் வைத்தவர், விமான நிலையத்திலேயே நிறுத்தப்படலாம். சவூதியில் சம்பளம் தராத கஃபீலிடமிருந்து, அதாவது விசாவுக்குப் பொறுப்பான முதலாளியிடமிருந்து வெளியேறினால், அவர் ‘ஹுரூப்’ (ஓடிப்போனவர்) என்று புகார் பதிவுசெய்துவிடலாம். அந்தப் புகார் நிலைத்துவிட்டால், கையிலிருக்கும் இகாமா எனும் வசிப்பிட அனுமதி வெறும் அட்டை. அடுத்த சோதனையில் அந்தத் தொழிலாளி பிடிபடுகிறார்.

அங்கிருந்து எல்லாமே வேகமாக நடக்கும். முதலில் பறிபோவது கைபேசி. மனைவியின் எண் உட்பட எல்லா எண்களும் அதற்குள்தான் இருக்கின்றன. மனப்பாடமாக ஓர் எண்கூடத் தெரியாது. விசாரணை அரபியில் நடக்கும். வாக்குமூலமும் அரபியிலேயே எழுதப்படும். மொழிபெயர்ப்பாளர் வருவார், பெரும்பாலும் இந்தியோ உருதுவோ பேசுபவராக இருப்பார். ‘புரிந்ததா?’ என்று கேட்டால், பயத்தில் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் பலருக்கும் தெரிந்த ஒரே வழி. அந்தக் கையெழுத்துதான் பிறகு வழக்கின் முதுகெலும்பாகிறது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர், உள்ளே நுழையும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் அதைச் சொல்லாவிட்டால் மருந்து தடைபடும்.

ஊரில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. நம் கடவுச்சீட்டுகளில் தந்தை பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறிக் கிடப்பது வழக்கம். அரபி எழுத்தில் ஆங்கில ‘P’ ஒலி கிடையாது. பழனிச்சாமியின் மகன் எந்தப் பெயரில், எந்த எழுத்துக்கூட்டலில் சிறைப் பதிவேட்டில் ஏறினார் என்று கண்டுபிடிக்கவே குடும்பம் வாரக்கணக்கில் அலைய நேரிடும். கடவுச்சீட்டின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும், அந்த அலைச்சல் பெருமளவு குறையும். ஆனால், சொல்வதற்கு யாரும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு, கைதான வெளிநாட்டவருக்குத் தன் நாட்டுத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமையைத் தருகிறது. 2015இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற ‘நெல்சன் மண்டேலா விதிகள்’, சிறைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் உரிமைகளையும் ஒழுங்குவிதிகளையும் உடனே எழுத்தில் தர வேண்டும், மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பு உதவி வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. ஆனால், வியன்னா உடன்படிக்கையில் ஓர் ஓட்டை உண்டு. கைதானவர் கேட்டுக்கொண்டால்தான் தூதரகத்துக்குத் தகவல் போகும். உரிமையை எடுத்துச்சொல்வது காவல் துறையின் கடமை என்று அதே பிரிவு சொன்னாலும், புரியாத மொழியில் ஒப்புக்குச் சொல்லப்படுவது சொல்லாததற்குச் சமம். படித்தவர் கேட்டுப் பெறுகிறார்; பத்தாம் வகுப்பைத் தாண்டாத தொழிலாளி வாய் திறக்காமல் உள்ளே போகிறார்.

இந்த உரிமையின் மதிப்பு இந்தியாவுக்குத் தெரியாததல்ல. பாகிஸ்தான் சிறையில் இருக்கும் குல்பூஷண் ஜாதவுக்காக நம் அரசு தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கே போனது. பாகிஸ்தான் 36ஆவது பிரிவை மீறிவிட்டது என்று 2019 ஜூலையில் தீர்ப்பும் பெற்றது. அது பாராட்டுக்குரிய போராட்டம். 2008இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, இந்தியாவும் பாகிஸ்தானும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் கைதிகளின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. பகை நாட்டோடு இது சாத்தியமென்றால், ‘நெருங்கிய நண்பர்கள்’ என்று நாம் கொண்டாடும் வளைகுடா நாடுகளோடு ஏன் சாத்தியமில்லை? கைதி கேட்டாலும் கேட்காவிட்டாலும் தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்ற கட்டாய ஒப்பந்தங்களைப் பல நாடுகள் தமக்குள் செய்துகொண்டிருக்கின்றன. இந்தியாவும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கைதியின் அந்தரங்கம் இதனால் பாதிக்கப்படாதா என்ற கேள்வி நியாயமானது. தான் சிறையில் இருப்பது ஊருக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. தூதரகத்துக்குத் தகவல் போவது வேறு, குடும்பத்துக்குச் சொல்வது வேறு. இரண்டாவதைக் கைதியின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம். ‘குற்றவாளிக்கு ஏன் இத்தனை சலுகை?’ என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. விசாரணை முடியாதவர் குற்றவாளி அல்ல. தண்டிக்கப்பட்டவரும்கூடத் தன் தண்டனை என்ன, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதரே.

செய்ய வேண்டியவை தெளிவானவை. வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுவோருக்கு மத்திய அரசு நடத்தும் ஒருநாள் பயிற்சியில், கைதானால் என்ன செய்வது என்ற பாடம் கட்டாயமாக வேண்டும். அதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, கைபேசியில் கேட்கும்படி ஒலிப்பதிவாகவும் தர வேண்டும். இரண்டு தொலைபேசி எண்களை மனப்பாடம் செய், இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேள், படிக்கத் தெரியாததில் கையெழுத்துப் போடாதே, நோயை மறைக்காதே. இந்த நான்கு வரிகள் போதும், பலருடைய முதல் நாள் மாறிவிடும். தமிழ் தெரிந்த ஒருவராவது தூதரகத் தொலைபேசியில் எந்நேரமும் கிடைக்க வேண்டும். 2009இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து வழக்கறிஞர் செலவுக்கும் சிறு அபராதங்களுக்கும் உதவ வழியுண்டு. அப்படியொரு நிதி இருப்பதைக் குடும்பங்களுக்குச் சொல்லும் பொறுப்பை மாநில அரசின் அயலகத் தமிழர் நலத் துறை மாவட்டந்தோறும் ஏற்க வேண்டும்.

பிறரிடம் கேட்பதை நாமும் செய்தாக வேண்டும். புழல் சிறைக்கு வரும் ஆப்பிரிக்கருக்கு அவருக்குப் புரியும் மொழியில் விதிகள் தரப்படுகின்றனவா? வெளிநாட்டவரை அடைத்துவைக்கும் திருச்சி சிறப்பு முகாமில் எப்போது விடுதலை என்று தெரியாமல் ஈழத் தமிழர்கள் உண்ணாவிரதம் இருக்க நேர்ந்தது நமக்குப் பெருமையா? நம் சிறைகளை நாம் ஒழுங்குபடுத்தினால்தான் ரியாத்திலும் அபுதாபியிலும் நம் கோரிக்கைக்கு வலு இருக்கும்.

வெளிநாடுவாழ் இந்தியர்கள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கும் அதிகமாக இந்த நாட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பணத்தை உரிமையோடு கணக்கில் எழுதிக்கொள்ளும் அரசு, அதை அனுப்பியவர் விலங்கு பூட்டப்பட்டு நிற்கும் நாளில் அவராகக் கூப்பிடட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வளைகுடா நாடுகளுடனான அடுத்த பேச்சுவார்த்தையிலேயே கட்டாயத் தகவல் ஒப்பந்தத்தை வெளியுறவு அமைச்சகம் முன்வைக்க வேண்டும். தமிழ்த் தாளுக்கு அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.