நாலு அறை கட்டிய தோழருக்கு

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் இறங்கி சிப்காட் பக்கம் நடந்து பாருங்கள். வரிசை வரிசையாக வாடகை அறைகள்! திருவள்ளூர் காக்களூர்ப் பக்கமும் இதே காட்சிதான். கட்டுகிறவர் எல்லாம் பெரும் பணக்காரரா? இல்லை. சேமநிதிப் பணத்தை எடுத்தவர், மனைவியின் நகையை அடகு வைத்தவர், நேற்றுவரை ஆலை வாசலில் நம்மோடு கோஷம் போட்ட தோழர்!

அவரைக் குறை சொல்ல வரவில்லை. 2014-இல் ஆயிரம் ரூபாய் என்று வைத்த குறைந்தபட்ச ஓய்வூதியத்தை நம்பி எந்தத் தொழிலாளி முதுமையைக் கழிப்பான்? ஆனால் தோழரே, கணக்கை ஒழுங்காகப் போடுங்கள்.

எட்டு இலட்சம் கடன் வாங்கிப் பழைய வீட்டைப் பிரித்து நாலு அறை ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு 3,000 ரூபாய் வாடகை. ஆண்டில் ஒரு மாதம் காலி கிடக்கும் என்று தள்ளினால் வருவது 1,32,000. நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்றால் வட்டி மட்டும் 96,000. மிச்சம் 36,000. வீட்டு வரி, மோட்டார், ரிப்பேர், கடனின் அசல் எல்லாம் இதற்குள்தான்!

இங்கேதான் சபலம் பிறக்கிறது. அறைக்கு வாடகை என்பது போய், தலைக்கு வாடகை வருகிறது. மூவர் தங்கும் அறையில் எட்டுப் பேர்! பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான். மின்சார வாரியம் கேட்பதற்கு மேல் யூனிட்டுக்குக் காசு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உலைமுன் வேகிறவன், தகரக் கூரையின் கீழே இன்னொரு உலையில் படுப்பதா?

முகப்புக்கு வர்ணம் பூசுவது பிறகு இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் கூரை, அடுத்துக் கழிப்பறை, அதற்கடுத்து ஒயரிங்கும் மின்கசிவைத் தடுக்கும் டிரிப் சுவிட்சும். இவை சரியாக இருந்தால் குடியிருப்பவன் நிலைப்பான். அறை காலி கிடக்காது. நியாயமே இங்கு இலாபமும் ஆகும்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிய வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளைத் துரத்த இடமில்லை.

1915-இல் கிளாஸ்கோ நகரில் யுத்தத்தைச் சாக்காக வைத்து வாடகையை ஏற்றினார்கள். தொழிலாளர் வீட்டுப் பெண்கள் வாடகை தர மறுத்துத் தெருவில் இறங்கினார்கள். அவ்வாண்டே பிரிட்டிஷ் அரசு வாடகை உயர்வைத் தடுத்துச் சட்டம் போட்டது!

காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பை 2024 ஆகஸ்டில் தமிழக அரசு திறந்தது. தொழிற்பேட்டை எங்கும் அத்தகைய குடியிருப்பு வேண்டும் என்று கேட்பது நம் இயக்கத்தின் வேலை. அதுவரை அந்த வடநாட்டுத் தோழனின் தூக்கம் உங்கள் கையில் இருக்கிறது. நீங்களும் ஒருநாள் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தவர்தானே? அதை மறக்காதீர்கள்!