கோழித் தீவனத்தில் என்சைம்: நாத்தம் போகுமா?

நாமக்கல்:

முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் கோழி எரு பிரச்சினை தீர்ந்தபாடில்லை. அதற்குப் பாதி மருந்து தீவன மூட்டையிலேயே இருக்கிறது. 'பைட்டேஸ்' என்ற என்சைம்தான் அது.

மக்காச்சோளம், சோயா புண்ணாக்கில் உள்ள பாஸ்பரசில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு 'பைட்டேட்' வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டுக்குச் சாவி கோழி வயிற்றில் சரியாகக் கிடையாது. பன்றிக்கும் இதே கதிதான். பெரும்பகுதி எச்சத்தோடு வெளியே போய்விடும். எலும்பு பலவீனமாகிவிடக் கூடாதே என்று பண்ணைக்காரர் டி.சி.பி. பவுடரைக் காசு கொடுத்து வாங்கிக் கலக்கிறார். எரு மழையில் கரைந்து குளத்தில் சேர்ந்தால் பாசி மண்டும், ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும்.

அந்தச் சாவிதான் பைட்டேஸ். எரு குவிந்து திணறிய நெதர்லாந்தில் 1991-ல் விற்பனைக்கு வந்தது.

ஆனால் பைட்டேசையும் போட்டு, டி.சி.பி.யையும் பழைய அளவிலேயே கொட்டினால் குளத்துக்கு என்ன லாபம்? டி.சி.பி.யைக் குறைத்தால்தான் எருவில் பாஸ்பரஸ் குறையும், பண்ணைக்கும் செலவு மிச்சம்.

ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்தும் நாத்தமும், சோத்தில் விழும் ஈயும் இதனால் போகாது. நாத்தம் அம்மோனியா சமாச்சாரம். ஈ பெருகுவது எருவின் ஈரத்தால். கூண்டுக்கு மேலே ஒழுகும் தண்ணீர்க் குழாயை முதலில் அடைக்கணும்.