ரெக்கார்டு பிளேயருக்கும் பொருத்தம் பாக்கணும்!

கல்யாணம்னா பத்துப் பொருத்தம் பாக்குறவங்க நாம. ஆனா பழைய ரெக்கார்டு பிளேயருக்கு கார்ட்ரிட்ஜ் மாத்தும்போது மட்டும் 'விலை கூடுனா நல்லதாத்தான் இருக்கும்'னு வாங்கிடுறோம். நானும் அதைத்தான் செஞ்சேன்.

தாத்தா அரியலூர் பக்கம் மைக் செட் வச்சிருந்தவர். கல்யாண வீடுகள்ல பாடுன அவரோட பிளேயர் இப்போ பெரம்பலூர்ல எங்க வீட்டுப் பரண்ல. இறக்கி ஓட விட்டேன். தட்டு சுத்துது, சத்தம் கரகரன்னு வருது. கார்ட்ரிட்ஜ் போயிடுச்சு. எல்லாரும் புகழ்ற மூவிங் மேக்னட் ஒண்ணை வாங்கி மாட்டினேன். வால்யூமை முழுசாத் திருகியும் கொசு பாடுற மாதிரிதான் கேட்டுச்சு. தாத்தா ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டார். அதுதான் வலிச்சுது.

சரி, தப்பு எங்க? எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரி அந்தக் கால வீட்டு பிளேயர்கள்ல பெரும்பாலும் இருந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ். அது சில நூறு மில்லிவோல்ட் குடுக்கும். மூவிங் மேக்னட் குடுக்கிறது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான்! அதுபோக, 1954-ல வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி தட்டுல பேஸைக் குறைச்சு, ட்ரெபிளைக் கூட்டித்தான் பதிவாங்க. கேக்கும்போது அதை நேராக்கணும். செராமிக் இயல்பாவே ஓரளவு நேராக்கிடும். மூவிங் மேக்னட்டுக்கு அதை ஒரு ப்ரீ ஆம்ப் செய்யணும். கூடவே சத்தத்தை 40 டெசிபல், அதாவது 100 மடங்கு பெருக்கணும்.

'அப்போ ப்ரீ ஆம்ப் வாங்கிட்டா முடிஞ்சுது'ங்கிறீங்களா? முடியாது. பழைய பிளேயரோட கை 5 கிராம் வரைக்கும் அழுத்தும். 2 கிராமுக்குச் செஞ்ச ஊசியோட கம்பி அதைத் தாங்காம மடங்கிடும், தட்டும் கெடும். தலைகீழா செஞ்சாலும் வம்புதான். செராமிக்குக்கு 1 மெகா ஓம் அளவு இன்புட் வேணும். மூவிங் மேக்னட்டுக்கான 47 கிலோ ஓம் ப்ரீ ஆம்ப்ல சொருகினா பேஸ் காணாமப் போகும், சத்தமும் உடையும்.

பி.காம். படிக்கிறவன் கணக்கா ஒண்ணு சொல்றேன். பொருளோட விலை வேற, அதை வேலை செய்ய வைக்கிற செலவு வேற. கார்ட்ரிட்ஜ், ப்ரீ ஆம்ப், புதுக் கைன்னு எல்லாத்தையும் மாத்தினா கடைசியில மிஞ்சுறது தாத்தா பிளேயரோட பெட்டி மட்டும்தான்.

செராமிக் தட்டைத் தேய்க்கும்னு ஒரு கட்சி இருக்கு. கனமா அழுத்துறதால அதுல உண்மையும் இருக்கு. அரிய தட்டா இருந்தா, தனியா ஒரு நல்ல பிளேயர்ல மூவிங் மேக்னட் வச்சுக் கேளுங்க. ஆனா பழைய பிளேயரை 'மேம்படுத்துறேன்'னு ஊமையாக்காதீங்க. வாங்குறதுக்கு முன்னாடி மூணே கேள்வி: எத்தனை மில்லிவோல்ட்? எத்தனை ஓம்? எத்தனை கிராம்?

நான் அப்புறமா ஒரு செராமிக் வாங்கிப் போட்டேன். முன்னது விலையில கால்வாசிதான். ஒரு பக்கம் எல்.பி. ஊசி, திருப்பினா 78-க்கான ஊசி. பாட்டு ஆரம்பிச்சதும் தாத்தா வந்து பக்கத்துல உக்காந்தார். வால்யூமைப் பாதிதான் வச்சிருந்தேன்.

"கொஞ்சம் கூட்டுடா"ன்னார் :-)