பாங்குக்கு மட்டும் முழுப் பாக்கியா?

கடனைக் கட்ட முடியாதவன் வீட்டை விட்டு வெளியேறத்தான் வேண்டும், இது வியாபார தர்மம் என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் நமக்கு உபதேசம் செய்கின்றன. அந்தத் தர்மத்தின் தலைமைப் பீடமான அமெரிக்காவில் அது எந்த லட்சணத்தில் நடந்தது என்று பார்ப்போம், தோழர்களே!

2006க்குப் பின் அங்கே வீட்டு விலை சரிந்தது. 2010ல் நெவாடா ராஜ்யத்தில் அடமானத்திலிருந்த வீடுகளில் பாதிக்கு மேல் கடனைவிட விலை குறைந்து கிடந்தன. வேலை போயிற்று, தவணை நின்றது. ஜப்திக்கு முன் ஒரு வழி உண்டு என்றார்கள். அதற்கு 'ஷார்ட் சேல்' என்று பெயர். கடனுக்குக் குறைந்த விலைக்கு வீட்டை விற்றுப் பணத்தைப் பாங்கிடம் கொடுப்பது. கேட்பதற்குச் சலுகை போலத்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கடன் 3 லட்சம் டாலர். வாங்க வருகிறவர் 1 லட்சத்து 90 ஆயிரம் தருகிறேன் என்கிறார். வீட்டுக்காரர் சம்மதித்தால் போதாது. பாங்கு சம்மதிக்க வேண்டும். பாங்கோ முதலில் கேட்பது வறுமைக்கு அத்தாட்சி! சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, பாங்குக் கணக்கு, போதாததற்கு 'நான் ஏன் கஷ்டப்படுகிறேன்' என்று ஒரு கடிதம். பிறகு பாங்கு தன் தரகரை விட்டு வீட்டுக்கு மதிப்புப் போடும். அவர் 2 லட்சத்து 10 ஆயிரம் என்று எழுதிவிட்டால், அந்த விலைக்கு ஆள் கொண்டு வா என்பார்கள். மாதங்கள் ஓடும். காகிதம் பழசாகிவிட்டது, புதுச் சம்பளச் சீட்டு அனுப்பு என்பார்கள். வேலை போனவனிடம்! வாங்க வந்தவர் சலித்துப்போய் வேறு வீடு பார்த்துக்கொள்வார். இதற்குள் அதே பாங்கின் இன்னொரு இலாகா ஜப்தி வேலையை நடத்திக்கொண்டேயிருக்கும். இந்த இரட்டை வேஷத்துக்குக் கலிபோர்னியாவில் 2013ல்தான் தடை வந்தது. மத்திய சர்க்காரின் விதி வந்தது 2014ல்.

சரி, விற்பனை முடிந்தது. மீதி 1 லட்சத்து 10 ஆயிரம் என்னவாயிற்று? இங்கேதான் சூது. 'அடமானத்தை விடுவிக்கிறோம்' என்று பாங்கு எழுதும். அடமானம் வேறு, கடன் வேறு. 'பாக்கி முழுதும் தீர்ந்தது' என்று எழுத்தில் இல்லாவிட்டால், பல ராஜ்யங்களில் வீடு போன பிறகும் கோர்ட்டு மூலம் கூலியில் கை வைக்கலாம். கலிபோர்னியா 2011ல் இதைத் தடுத்தது. மத்திய சர்க்கார் 2010ல் கொண்டுவந்த திட்டத்தில் பாக்கியைத் தள்ள வேண்டும், இடம் மாற 3,000 டாலர் தர வேண்டும் என்று இருந்தது. திட்டத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும். அதுவும் 2016ல் முடிந்தது.

பாங்குகள் இப்படிக் கறாராகப் பேரம் பேசலாமா? அவர்களுடைய பேரத்தையும் பார்ப்போம். வீட்டுக் கடன் பத்திரங்களுக்கு ஏ.ஐ.ஜி. என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி பாங்குகளுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. 2008 செப்டம்பரில் அது கவிழ்ந்தபோது 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். நவம்பரில் நியூயார்க் பெடரல் ரிசர்வ் பாங்கு, 'கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று பாங்குகளிடம் கேட்டது. கேட்கப்பட்ட எட்டில் ஒன்றுதான் 2 சதவீதம் குறைக்க இசைந்தது, அதுவும் மற்றவர்களும் குறைத்தால்! முடிவு? சுமார் 6,200 கோடி டாலர் முகமதிப்புள்ள பத்திரங்களுக்கு ஒரு காசும் குறையாமல் முழுப் பணம். இதைச் சொன்னது நாமல்ல. அமெரிக்க சர்க்காரின் தணிக்கை அறிக்கை, 2009 நவம்பர். அந்தப் பாங்குகளிடம் யாராவது கஷ்டக் கடிதம் கேட்டார்களா?

சர்க்கார் போட்ட பணம் திரும்பி வந்துவிட்டதே என்பார்கள். வந்ததுதான். கவிழ்ந்தவர்களுக்குப் பணமும் அவகாசமும் கொடுத்தார்கள், திருப்பிக் கட்டினார்கள். அந்த அவகாசத்தை வீட்டுக்காரர் கேட்டபோது ஏன் ஜப்தி நோட்டீஸ் வந்தது? மதிப்புக் குறைந்த பத்திரத்துக்கு முழு விலை வாங்கிக்கொண்டவர்கள், மதிப்புக் குறைந்த வீட்டுக்கு மட்டும் கூலிக்காரரிடம் மீதியைக் கேட்க எந்த முகத்தோடு வருகிறார்கள்?

சலுகை வேண்டாம். 'பாக்கி முழுதும் தீர்ந்தது' என்று எழுதிக் கொடு, அதற்குப் பிறகு கையெழுத்து வாங்கு!