வீட்டு வாசல் தெருவுக்கு யார் பொறுப்பு?

தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைகள் அகலமாகிக்கொண்டே போகின்றன. நாலு வழி, ஆறு வழி என்று கார்கள் பறக்கின்றன. அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பும் தெருவில் கால் வைத்தால்? குண்டும் குழியும்தான் வரவேற்கின்றன!

காரணம் என்ன? நெடுஞ்சாலைக்குத் தனி இலாகா உண்டு. குடியிருப்புத் தெருவோ உள்ளாட்சியின் பொறுப்பு. 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் சாலைகளையும் சேர்த்தது.

பொறுப்பு வந்தது, பணம்? வாகன வரி மாநில அரசுக்குப் போகிறது. பெட்ரோல் வரியை மத்திய அரசும் மாநில அரசும் வசூலிக்கின்றன. நகராட்சியின் கையில் இருப்பது முக்கியமாகச் சொத்து வரி. அதற்கு மேல், மாநில வரி வருவாயில் கிடைக்கும் பங்கையும், அவ்வப்போது வரும் திட்ட மானியத்தையும் எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

மானியம் வந்தால் புதுச் சாலை போடுகிறார்கள். அதற்குப் பிறகு?

தாருக்குத் தண்ணீர் பகை. சிறு வெடிப்பு வழியே மழைநீர் இறங்கினால், ஜல்லியைப் பிடித்திருக்கும் தார் விட்டுவிடும். சக்கரம் ஏற ஏற வெடிப்பு குழியாகும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சட்டி தாரில் முடிய வேண்டிய வேலை, மார்கழியில் தெரு முழுவதையும் பெயர்த்துப் போடும் செலவாகி விடுகிறது!

இன்னொரு கொடுமையும் உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல், அதன் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். தெரு உயருகிறது, வீடு பள்ளமாகிறது. ஆயுள் முழுதும் சேமித்துக் கட்டிய வீட்டில் சாக்கடை நீர் புகுந்தால், அந்த நஷ்டத்தை யார் ஈடு செய்வது? சுரண்டிய பிறகே போட வேண்டும் என்ற உத்தரவு இருக்கிறது. அது ஏட்டில் இருந்தால் போதுமா?

2022-ல் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்ந்தது. குடியிருப்புகளுக்கு, இடத்தையும் பரப்பளவையும் பொறுத்து, 25 சதவிகிதம் முதல் 150 சதவிகிதம் வரை கூடியது. ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். அதற்கு அவர்கள் கணக்குக் கேட்பது நியாயம்தானே?

மாநில அரசு செய்ய வேண்டியது இரண்டு. தெருப் பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் தனித் தொகை ஒதுக்கி, அதை வேறு செலவுக்குத் திருப்பாமல் காக்க வேண்டும். குழாய்க்காகத் தோண்டும்போது வசூலாகும் சீரமைப்புக் கட்டணத்தை, அந்தத் தெருவுக்கே உடனே செலவிடச் செய்ய வேண்டும். நகராட்சியும் தன் பங்குக்கு, தெரு எப்போது போடப்பட்டது, செலவு எவ்வளவு, காண்டிராக்டரின் பொறுப்பு எந்தத் தேதி வரை என்பதைத் தெருமுனையில் எழுதி வைக்க வேண்டும்.

வரி கட்டும் குடும்பஸ்தன் ரத்தினக் கம்பளமா கேட்கிறான்? குழந்தை விழாமல் பள்ளிக்கூடம் போய் வர ஒரு தெரு கேட்கிறான். அதைக் கொடுப்பது சலுகை அல்ல, கடமை!