பழைய காரின் பெறுமதியை யார் தீர்மானிப்பது?

பழைய கார் வைத்திருப்போர் காப்புறுதி செய்யச் செல்லும்போது முதலில் கேட்பது "வருடத்துக்கு எவ்வளவு கட்டவேண்டும்?" என்பதையே. கார் முற்றாக அழிந்துபோனால் கைக்கு வருவது எவ்வளவு, அந்தத் தொகையை யார், எப்போது முடிவு செய்வார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் பழைய காரைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கேள்விதான் முதற் கேள்வியாக இருக்கவேண்டும்.

காரணம் எளிது. வாகனக் காப்புறுதியின் கணக்கு, புதிய கார் ஆண்டுதோறும் பெறுமதி குறைந்துகொண்டே போகும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. 1948இல் உற்பத்தி தொடங்கி, 16 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்ட மொறிஸ் மைனரை அந்தக் கணக்கில் போட்டால் மிஞ்சுவது பழைய இரும்பு. சந்தையோ வேறு கதை சொல்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் ஓடக்கூடிய எந்தக் காருக்கும் விலை ஏறியது. நன்றாகப் பேணப்பட்ட பழைய கார்களும் அதற்கு விலக்கல்ல. ஒரு காலத்தில் மொறிஸ் மைனரின் தகட்டுப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு, அதைப் பிறப்பித்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பதைப் புதிய தலைமுறை அறியாதிருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் காரின்மேல் காற்றில் முறிந்த மாங்கிளை விழுந்தது. முழுமையான காப்புறுதி இருந்தது. "பழைய கார்தானே ஐயா, 10 லட்சம் போட்டால் போதும், கட்டணமும் குறையும்" என்று முகவர் சொன்னதை அவர் நம்பியிருந்தார். திருத்தச் செலவு 4 லட்சம். பார்வையிட வந்த மதிப்பீட்டாளர், காரின் சந்தைப் பெறுமதி 20 லட்சம் என்று எழுதினார். ஆசிரியருக்கு முதலில் பெருமை, பிறகுதான் விளங்கியது. பாதிப் பெறுமதிக்கே காப்புறுதி செய்திருந்தபடியால் நட்டத்திலும் பாதியே, அதாவது 2 லட்சமே, கொடுக்கப்பட்டது. 'சராசரி' என்ற பெயரில் பத்திரத்தின் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நிபந்தனை இது. கட்டணம் வாங்கும் நாளில் பழைய இரும்பாக இருந்த கார், நட்டஈடு கேட்ட நாளில் அரும்பொருளாகிவிட்டது. நிறுவனம் சட்டத்தை மீறவில்லை. ஆனால் ஒரு வயோதிபருக்கு அந்த நிபந்தனையை வாயால் விளக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிப்பது நேர்மையான வியாபாரம் என்று நான் கருதவில்லை.

ஆகவே கேட்கவேண்டியது 'ஒப்புக்கொள்ளப்பட்ட பெறுமதி'. தகுதியான மதிப்பீட்டாளரின் அறிக்கையும் படங்களும் கொடுத்து, முற்றாக அழிந்தால் இன்ன தொகை என்று முன்கூட்டியே எழுத்தில் பெறுவது. பிரித்தானியாவில் பழைய கார்களுக்கான தனிக் காப்புறுதிகளில் இது வழக்கமானது. பதிலுக்கு வருடத்துக்கு இத்தனை மைல்தான் ஓடலாம் என்று கட்டுப்பாடு வைப்பார்கள். வட அமெரிக்காவில் இருப்போர் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே 'கூறப்பட்ட பெறுமதி' என்றும் ஒன்று உண்டு. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும், நீங்கள் கூறிய தொகை, அன்றைய சந்தைப் பெறுமதி இரண்டில் எது குறைவோ அதைக் கொடுக்கும் உரிமையை நிறுவனம் பெரும்பாலும் தன் கையில் வைத்துக்கொள்ளும்.

இங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட பெறுமதிக்கு நிறுவனம் இணங்காவிட்டால், ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் தொகையைச் சந்தைக்கு ஏற்பத் திருத்துவதே வழி. பழைய உதிரிப்பாகத்துக்குப் புதியது போட்டால் வயதுக்கென்று எவ்வளவு கழிப்பார்கள், முற்றாக அழிந்ததென எழுதினால் உடைந்த காரை நாமே திரும்ப வாங்கலாமா என்பனவற்றையும் எழுத்தில் கேட்கவேண்டும். சட்டத்துக்காகவும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்காகவும் எடுக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி, நம் காருக்கு ஒரு சதமும் தராது. சந்தைக்கு மரக்கறி ஏற்றும் துருப்பிடித்த ஏ40க்கு அது போதும் என்பேன். வருடக்கணக்காகத் தட்டி நிமிர்த்தி வர்ணம் பூசிய காருக்குப் போதாது.

யாழ்ப்பாணத்துக் கார்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. 1990க்குப் பின்னான பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடையாமல், சில துளி பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்களை அன்று அங்கிருந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றுட் சிலவற்றுக்கு வேறு இயந்திரம் பொருத்தப்பட்டது. அது அன்றைய தேவை. ஆனால் பதிவுப் புத்தகத்தில் உள்ள இயந்திர இலக்கமும் காரில் உள்ளதும் வேறாக இருந்து, அதைச் சொல்லாமல் காப்புறுதி செய்தால், உண்மையை மறைத்ததாகக் கூறி நட்டஈட்டை மறுக்க இடமுண்டு. முதலில் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் பதிவைத் திருத்துங்கள்.

அதைவிடப் பெரியது பெயர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் உண்டு. காலமான தகப்பனாரின் பெயரிலேயே இன்றும் கார் நிற்கிறது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும். ஊரில் மைத்துனர் ஓட்டுகிறார், காப்புறுதிக் கட்டணத்தை வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்புகிறார். கார் அழிந்தால் தனக்கு நட்டம் என்று சட்டப்படி காட்டக்கூடியவரே காப்புறுதி செய்யமுடியும். இந்த மூவரில் அவர் யார்? நட்டஈட்டுக் காசோலை யார் பெயருக்கு எழுதப்படும்? அப்பாவின் கார் என்ற பாசத்தில் கட்டணம் அனுப்பும் வாசகர்கள், அடுத்த தவணைக்கு முன்னர் அந்தப் பதிவுப் புத்தகத்தின் படமொன்றை ஊரிலிருந்து கேட்டு எடுத்துப் பார்ப்பது நல்லது.