ஒரு வரிச் செய்திக்கு வழி விடுங்கள்

ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



இந்திய வான்வெளியில் பறக்கும் விமானத்துக்குள் பயணிகள் இணையம் பயன்படுத்தலாம் என்று தொலைத்தொடர்புத் துறை விதி வெளியிட்டது 2018 டிசம்பரில். விமானம் 3,000 மீட்டர் உயரத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2020-ல் தங்கள் அமைச்சகம் விமான விதிகளைத் திருத்தி, வைஃபைக்கு அனுமதி தரும் அதிகாரத்தை விமானியிடம் கொடுத்தது. 2024 நவம்பரில் இன்னொரு திருத்தமும் வந்தது. ஆக, சட்டத்தில் தடை எதுவும் மிச்சமில்லை. 2025 ஜனவரி 1 அன்று ஏர் இந்தியா தன் உள்நாட்டுப் பயணங்களிலும் வைஃபை தருவதாக அறிவித்தது. ஏர்பஸ் ஏ350, போயிங் 787-9, சில ஏ321நியோ விமானங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. மனமார வரவேற்கிறேன்.

ஆனால் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வளைகுடாவுக்குப் போய்வரும் சிக்கனக் கட்டண விமானங்களுக்கு அந்த வசதி இன்னும் எட்டவில்லை. அந்த விமானங்களில் வருகிறவர்களுக்காகத்தான் தங்களுக்கு இதை எழுதுகிறேன்.

ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்குச் சுமார் நான்கு மணி நேரம். வருகிறவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்கு வருகிறார்கள். எப்போதும் ஓரிருவர் சாவுக்கு வருகிறார்கள். அவர்களிடம் சாவு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "அப்பாவுக்கு முடியல, உடனே கிளம்பி வா" என்று மட்டும் போன் வந்திருக்கும். கேட்டவனுக்குப் புரிந்துவிடும், ஆனாலும் கேட்க மாட்டான். முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கி, கூட இருப்பவர்களிடம் கடன் வாங்கி டிக்கெட் போட்டு, "ஏறிட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு ஃப்ளைட் மோடுக்குப் போவான். அதோடு இரண்டு பக்கமும் துண்டித்துவிடும்.

ஊரில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டியில் உடம்பைக் கிடத்தி, பெரியவர்கள் மணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும். மகன் வந்து முகம் பார்க்காமல் எடுக்கவும் கூடாது. இஸ்லாமியக் குடும்பம் என்றால், அடக்கத்தை அஸர் தொழுகைக்கு முன்பு வைப்பதா, மஃரிபுக்குத் தள்ளுவதா என்று ஜமாத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. வாசலில் நிற்கும் பையன் ஒருவன், விமானங்களைப் பின்தொடரும் செயலியைத் திறந்து, வரைபடத்தில் நகரும் மஞ்சள் நிற விமானத்தைக் காட்டி, "அரபிக்கடல் மேல வருதுண்ணே" என்பான். விமானம் எந்த இடத்தில், எந்த உயரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்பதெல்லாம் அந்தச் சின்னத் திரையில் வந்துவிடுகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவனிடமிருந்து ஒரு வரி வர வழியில்லை. திருச்சியில் வானிலை மோசமாகி விமானத்தைச் சென்னைக்குத் திருப்பினால், அவன் தரையிறங்கிப் போனை எடுத்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். அதற்குள் இங்கே ஒரு முடிவு எடுத்திருப்பார்கள். அந்த முடிவை யாராலும் மாற்ற முடியாது.

எனக்குத் தெரிந்து, விமான இணையம் பற்றிய பேச்சில் இவர்கள் இடம்பெற்றதே இல்லை. மடிக்கணினியில் வேலை பார்ப்பவர், படம் பார்ப்பவர், கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பவர் ஆகியோரை மனதில் வைத்துத்தான் திட்டங்கள் போடப்படுகின்றன. அவர்களுக்கும் வசதி வரட்டும். நான் கேட்பது அதைவிட மிகச் சின்னது: எழுத்துச் செய்தி. படம் வேண்டாம், வீடியோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் நான்கு வார்த்தை போய்ச் சேர்ந்தால் போதும். அது எல்லா விமானத்திலும், எல்லா இருக்கைக்கும், காசு வாங்காமல் கிடைக்க வேண்டும்.

இது தொழில்நுட்பத்துக்குக் கனமான வேலை இல்லை என்பதைத் தங்கள் அதிகாரிகளே சொல்வார்கள். விமானத்தின் முதுகில் ஒரு மூடிக்குள் இருக்கும் ஆன்டெனா செயற்கைக்கோளோடு பேசுகிறது; செயற்கைக்கோள் தரைநிலையத்தோடு பேசுகிறது. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போய்த் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். பேசுகிறவருக்கு அந்தத் தாமதம் எரிச்சல் தரும். எழுதி அனுப்புகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு நிமிட வீடியோவுக்கு ஆகும் டேட்டாவில் ஆயிரக்கணக்கான எழுத்துச் செய்திகளை அனுப்பிவிடலாம். விமானம் முழுவதும் ஒரே நேரத்தில் தட்டினாலும் இணைப்பு திணறாது.

செயற்கைக்கோளும் நம்மிடமே இருக்கிறது. பொதுத்துறை நிறுவனமான நியூஸ்பேஸ் இந்தியாவின் ஜிசாட்-என்2, 4,700 கிலோ எடை. நம் ராக்கெட்டின் சக்திக்கு மீறிய எடை என்பதால், 2024 நவம்பரில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 அதை அமெரிக்காவிலிருந்து ஏற்றிச் சென்றது. நொடிக்கு 48 ஜிகாபிட் திறன், நாடு முழுவதற்கும் 32 கதிர்கள். அது செய்ய வேண்டிய வேலைகளில் விமானப் பயணிகளுக்கான இணையமும் ஒன்று என்று அப்போதே சொன்னார்கள். அந்தத் திறனில் ஒரு சிறு பங்கை எழுத்துச் செய்திக்கென்று ஒதுக்கி வைக்க முடியும்.

காசு வாங்கித் தந்தால் என்ன என்று கேட்பார்கள். போயிங் நிறுவனமே இந்தத் தொழிலில் முன்பு இறங்கியது. 2004-ல் லுஃப்தான்சா விமானங்களில் தொடங்கிய அதன் கனெக்‌ஷன் சேவை, போதிய வாடிக்கையாளர் இல்லாமல் 2006-ல் மூடப்பட்டது. மறுபக்கம், அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 2017 அக்டோபரிலேயே எழுத்துச் செய்தியை மட்டும் எல்லோருக்கும் இலவசமாக்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2023 ஜூலை முதல், தன் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்த எவருக்கும் முழு இணையத்தையே இலவசமாகத் தருகிறது. அந்தத் திட்டத்தில் சேரவும் கட்டணம் இல்லை. வளைகுடாவிலிருந்து வரும் தொழிலாளியிடம் போய், அரபிக்கடலுக்கு மேலே வைத்து, கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்பது நியாயமில்லை. பலரிடம் கார்டே இருக்காது. விமானத்தில் குடிதண்ணீருக்கு இருக்கும் இடம் இந்தச் செய்திக்கும் வேண்டும்.

விமான நிறுவனங்களின் சிரமத்தையும் தெரிந்துதான் பேசுகிறேன். ஆன்டெனா எடை கூடுதல்; காற்றைத் தடுக்கும்; எரிபொருள் கூடும். அந்த எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வராததால் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தை ஹேங்கரில் நிறுத்திக் கருவி பொருத்தினால் அத்தனை நாள் வருமானம் போகும். இதற்கெல்லாம் அரசு கை கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைத் தாங்கள் கவனிக்க வேண்டும். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவை ஆண்டுதோறும் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அங்கேயே ஆன்டெனா பொருத்தி வாங்கினால், பின்னால் நிறுத்திப் பொருத்தும் செலவே வராது. இப்போது அரசு ஒரு சொல் சொன்னால் வரப்போகும் விமானங்கள் தயாராகவே வந்து இறங்கும். சொல்லாமல் விட்டால், இருபது ஆண்டு பறக்கப்போகும் விமானம் ஒவ்வொன்றும் இந்தக் குறையோடு வந்து சேரும். எனக்கு அவசரம் இதில்தான்.

தொலைபேசி அழைப்பை மட்டும் தயவுசெய்து அனுமதிக்க வேண்டாம். 2018 விதிகள் குரல் அழைப்புக்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. மூன்று பேர் தோளோடு தோள் உரசி உட்காரும் வரிசையில் ஒருவர் நான்கு மணி நேரம் சத்தமாகப் பேசினால், பக்கத்தில் குழந்தையைத் தூங்கவைக்கும் தாய் என்ன செய்வார்?

இந்த ஆன்டெனா பயணிகளுக்கு மட்டும் உதவுவதில்லை. நடுவானில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், தரையிலிருக்கும் மருத்துவரிடம் விவரத்தை உடனுக்குடன் அனுப்பி ஆலோசனை பெறலாம். புயல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று விமானி புதிய படத்தையே பார்க்கலாம். 2014 மார்ச் 8 அன்று மலேசிய விமானம் எம்எச்370 மறைந்தபோது, மற்ற எல்லாத் தொடர்பும் அற்றுப்போன பிறகும் செயற்கைக்கோளோடு அந்த விமானம் பரிமாறிய மௌனமான சமிக்ஞைகள்தான், அது தெற்கே இந்தியப் பெருங்கடல் பக்கம் போயிருக்கிறது என்பதைக் காட்டின.

இன்னொரு குறை, இது இன்றே தீரக்கூடியது. டிக்கெட் எடுக்கும்போது அந்த விமானத்தில் இணையம் உண்டா இல்லையா என்று தெரிவதில்லை. உணவு உண்டா, எத்தனை கிலோ பெட்டி என்பதெல்லாம் தெரிகிறது. இது மட்டும் ஏறி உட்கார்ந்து பணிப்பெண்ணைக் கேட்ட பிறகுதான் தெரிகிறது. ஒரே வழித்தடத்தில் காலை விமானத்தில் இருக்கும், மாலை விமானத்தில் இருக்காது. தங்கள் அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட பயணிகள் சாசனம் தாமதம், ரத்து, தொலைந்த பெட்டி பற்றியெல்லாம் பேசுகிறது. அதில் இதற்கும் ஒரு பத்தி சேர்க்கலாம். டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே வசதி உண்டா, இலவசமா, கட்டணம் எவ்வளவு என்று போட வேண்டும். காசு வாங்கிக்கொண்டு இணைப்பு வேலை செய்யவில்லை என்றால் கேட்காமலே திருப்பித் தர வேண்டும்.

இணையத்துக்கான உரிமம் ஓர் அமைச்சகத்தில், விமானம் இன்னோர் அமைச்சகத்தில் என்று இருப்பதால், இலவச எழுத்துச் செய்தி யாருடைய பொறுப்பு என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. தாங்கள் பொறுப்பெடுத்தால் நடக்கும். தொலைத்தொடர்பு அமைச்சருடன் அமர்ந்து, புதிதாகப் பதிவாகும் பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் எழுத்துச் செய்திக்குத் தகுதியோடு வர வேண்டும் என்று ஒரு தேதி குறியுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கும் கோடைகால அட்டவணைக்கு ஒப்புதல் தரும்போது, எந்த வழித்தடத்தில் எந்த வசதி என்ற பட்டியலை நிறுவனங்களிடம் வாங்கி, அட்டவணையோடு சேர்த்து வெளியிடுங்கள். முதல் கட்டத்தில் திருச்சி, மதுரை, கோழிக்கோடு, லக்னோ போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா செல்லும் தடங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
திருச்சி மாவட்டத்து விமானப் பயணி ஒருவர்